மூட்டையின் மேல் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயரா?



சென்ற கூட்டத்தில் அரிசிக்கு டி.என்.ஏ. பரிசோதனை என்ற பேச்சு எழுந்தபோது நம்மில் பலர் சிரித்தோம். "கொலைக் கேசுக்குச் செய்கிற சோதனையை அரிசிக்குமா செய்வார்கள்?" என்று ஓர் அன்பர் கேட்டார். இன்னொருவர், "சில்லறைக் கடைக்காரனை மாட்டி விடுவதற்கென்றே வந்த மிஷின் இது" என்றார். காபி வந்தது, பேச்சு அத்தோடு நின்றது. அன்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டோம். எங்கள் அபிப்பிராயம் வேறு. அதை எழுத்திலே சொல்லிவிடலாம் என்றுதான் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினோம்.

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு மண்டிக்கு வந்தவர்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அரிசியில்தான் காலம் போயிருக்கிறது. இந்தப் பரிசோதனை என்ன என்று எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கும் எங்கள் தங்கை மகள். அவள் சொன்னதை எங்களுக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறோம். முதலில், இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

2018-ஆம் வருஷம், ஆவணி மாதம். பக்கத்து ஊர் மளிகைக்கடை அன்பர் ஒருவர் ஒரு நிக்காஹ் வீட்டுக்காக எங்களிடம் பாசுமதி பன்னிரண்டு சிப்பம் எடுத்தார். வடக்கேயிருந்து தரகர் மூலமாக வந்த சரக்கு. நாங்களும் குத்தூசி போட்டுப் பார்த்தோம். மணி நீளம், நிறம் சுத்தம், உள்ளங்கையில் தேய்த்தால் வாசனை. ஒரு குறையும் தெரியவில்லை. விருந்தன்று பண்டாரி தம் பிரித்தபோது சோற்றில் பாதி உதிரியாக நிற்கிறது, பாதி குழைந்து களியாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் வேகிற நேரம் வேறு வேறு. நானூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டாருக்கு நம் அன்பர் நஷ்டஈடு கொடுத்தார். பணம் போனதைக் காட்டிலும் பேர் போனதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். மறுநாள் எங்கள் மண்டிக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க குடுத்ததைத்தான் நான் குடுத்தேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சரக்கு அனுப்பிய ஆலைக்காரருக்குப் போன் போட்டோம். "மாதிரி பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" என்று கேட்டார். பார்த்துத்தான் எடுத்தோம். மறுத்துச் சொல்ல எங்களிடம் என்ன இருந்தது? கண்ணும் மூக்கும்தான் இருந்தன. அவற்றை எந்தக் கோர்ட்டிலும் சாட்சிக்கு ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கலப்பு என்பது வடக்கே இருக்கும் ஆலையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. "இந்த விலைக்குப் பாசுமதி வேண்டும்" என்று கடைக்காரர் கட்டாயப்படுத்தும்போது, டிபார், துபார், மோக்ரா என்று உடைசல் தரம் தரமாக விரவியும், சர்பதி போன்ற நீள அரிசியைச் சேர்த்தும் கொடுத்த காலம் எங்களுக்கும் உண்டு. வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிற எங்களுக்கும் தெரியும். பட்டியலில் மட்டும் பாசுமதி என்றே இருக்கும். அடுத்த கடையில் வாங்கும் குடும்பத் தலைவிக்கு மட்டும்தான் தெரியாது. இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு ஆலைக்காரரை மட்டும் குறை சொன்னால் நீங்களே எங்களைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

இனி பரிசோதனைக்கு வருவோம். இதற்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். சாட்டிலைட் என்றதும் வானத்தில் சுற்றுகிற ராக்கெட் சமாச்சாரம் என்று நினைத்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். முன் காலத்தில் டி.என்.ஏ.யைக் கரைசலில் போட்டு வேகமாகச் சுழற்றியபோது பெரும்பகுதி ஒரு பட்டையாகத் தங்கியதாம். திரும்பத் திரும்ப ஒரே எழுத்து வரும் பகுதி மட்டும் பக்கத்தில் தனியே ஒரு சிறு பட்டையாக நின்றதாம். பெரிய கிரகத்துக்குப் பக்கத்தில் துணைக்கோள் நிற்பதுபோல் இருக்கிறதே என்று அதற்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு அரிசி மணியின் உயிரணுவுக்குள்ளும் அந்த நெல்லின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நான்கே எழுத்தில் எழுதிய புத்தகம். நெல்லுக்கு அது 12 கட்டாகப் பிரிந்திருக்கிறது, மொத்தம் 39 கோடி எழுத்துக்குக் கிட்ட வரும். இதை முழுக்க எழுதி முடித்தது 2005-ல். பல நாடுகள் பங்கு போட்டுக்கொண்டு செய்த அந்த வேலையில் நம் நாட்டு விஞ்ஞானிகளும் 11-ஆவது கட்டில் பங்கெடுத்தார்கள்.

இந்தப் புத்தகத்தில் ஆங்காங்கே திக்குவாய்க்காரர் பேசுவதுபோல் இரண்டெழுத்தோ மூன்றெழுத்தோ விடாமல் திரும்பத் திரும்ப வரும். நெல் அளக்கிறவர் "லாபம், லாபம், லாபம்" என்று ஒன்றிலேயே நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஓர் இரகத்தில் குறிப்பிட்ட இடத்தில் அது 12 தடவை வரும். வேறு இரகத்தில் அதே இடத்தில் 17 தடவை வரும். இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொல்வது. தாய்ப்பயிரிலிருந்து விதைக்கு இந்த எண்ணிக்கை அநேகமாக மாறாமல் இறங்கிவிடும். அதனால்தான் இரகத்துக்கு இது ஓர் அங்க அடையாளம் ஆகிறது.

எண்ணுவது எப்படி? உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அந்த இடத்தை மட்டும் பிரதி எடுக்கிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்று போனால் நூறு கோடிக்கு மேல் பிரதி. அமெரிக்காவின் கேரி முல்லிஸ் என்பவர் கண்டுபிடித்து, 1993-ல் நோபல் பரிசு வாங்கிய முறை இது. கொரோனா சமயத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்த சோதனையும் இதே பிரதி எடுக்கும் வேலைதான். பிறகு அந்தப் பிரதிகளை மின்சாரம் பாயும் மெல்லிய குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். குட்டையான துண்டு முந்தி ஓடும், நீளமானது பின்தங்கும். எது எப்போது வந்து சேர்ந்தது என்பதைக் கொண்டு நீளம் தெரியும். நீளம் தெரிந்தால் எத்தனை தடவை என்பது தெரிந்துவிடும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். நெல் தன் மகரந்தத்தைக் கொண்டே தான் கருவுறும் பயிர். ஆகையால் சுத்தமான ஓர் இரகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே எண்தான் இருக்கும். மாதிரியை அரைத்துச் சோதிக்கும்போது ஒரே இடத்தில் இரண்டு நீளம் வந்து நின்றால், சாக்குக்குள் இரண்டு இரகம் இருக்கிறது என்று அர்த்தம். எந்த நீளத்தின் முகடு எவ்வளவு உயரம் என்று பார்த்து, கலப்பு எத்தனை பங்கு என்றும் கணிக்கிறார்கள். "ஓர் இடத்தில் தற்செயலாக இரண்டு இரகத்துக்கும் ஒரே எண் இருந்துவிட்டால்?" என்று தங்கை மகளைக் கேட்டோம். "அதுக்குத்தான் மாமா எட்டு இடம் பார்க்கிறது" என்றாள். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் டி.என்.ஏ. கைரேகை மையத்தில் டாக்டர் ஜே. நாகராஜு குழுவினர் பாசுமதிக்காகவே எட்டு இடங்களை ஒரே குழாயில் ஒன்றாகச் சோதிக்கும் முறையை உருவாக்கி 2007-ல் வெளியிட்டார்கள். தவிடும் முளையும் போய்ப் பாலிஷ் ஆன வெள்ளை அரிசியிலும் டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறது. செல்லா அரிசியில் வெந்து துண்டு துண்டாகி இருக்கும். தேடுகிற இடம் குட்டையாக இருந்தால் அதிலும் கிடைத்துவிடும்.

பாசுமதியில் மட்டும் இத்தனை கெடுபிடி ஏன் வந்தது? ஏற்றுமதியால் வந்தது. பிரிட்டனில் உணவுத் தர நிறுவனம் கடைகளில் விற்ற 363 பாசுமதி மாதிரிகளை இந்த முறையில் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டது. 54 சதவீத மாதிரிகளில்தான் பாசுமதி மட்டும் இருந்தது. மீதி 46 சதவீதத்தில் வேறு அரிசியும் இருந்தது. மொத்தத்தில் 17 சதவீத மாதிரிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலப்பு. 9 சதவீத மாதிரிகளில் 60 சதவீதத்துக்கு மேலேயே வேறு அரிசி. அதற்குப் பாசுமதி என்று பெயர் வைத்ததே தவறு. வியாபாரிகள் எல்லோரும் திருடர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வயலிலும் அறுவடை மெஷினிலும் ஆலையிலும் தானாகச் சேருவது உண்டு. அதை ஒப்புக்கொண்டு அந்நாட்டு அரிசி வியாபார அமைப்புகள் 2005-ல் தங்களுக்குள் ஒரு நடைமுறை விதி செய்து, 7 சதவீதம் வரை போகட்டும் என்று விட்டார்கள். அதிகாரி வந்து சொல்லட்டும் என்று காத்திராமல் வியாபாரிகளே உட்கார்ந்து எழுதிய விதி அது. நம் சங்கத்தில் உள்ளவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளும் 2004-ல் உமி மட்டும் நீக்கிய பாசுமதிக்கு இறக்குமதித் தீர்வை இல்லை என்று செய்தன. எல்லாப் பாசுமதிக்கும் அல்ல, பட்டியலில் உள்ள ஒன்பது இரகங்களுக்கு மட்டும். டி.என்.ஏ. சோதனையால்தான் அதைச் சரிபார்ப்போம் என்றும் எழுதிவைத்தார்கள். அதில் பாசுமதி 370 உண்டு, 1933-லேயே வெளிவந்த பழைய இரகம். தராவடி உண்டு, டேராடூன் உண்டு. நம் கடைகளில் இன்று அதிகம் ஓடுகிற 1121 அதில் இல்லை.

இந்த 1121-இன் கதையை யாராவது சினிமாவாக எடுக்கலாம். டெல்லி பூசா நிறுவனத்தார் அதை 2003-ல் வெளியிட்டபோது அதன் பெயரில் பாசுமதி என்ற சொல்லே கிடையாது. பூசா 1121 என்றும் பூசா சுகந்த் 4 என்றும்தான் பெயர். வெந்தால் விரல்போல நீளுகிற அரிசி. வளைகுடா நாட்டார் விழுந்து விழுந்து வாங்கினார்கள். இந்தச் சமயத்தில் அரசாங்கம் பாசுமதி அல்லாத அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. அப்படியானால் 1121 பாசுமதியா, இல்லையா? ஏற்றுமதியாளர்களுக்கு அது வாழ்வா சாவா என்கிற கேள்வி. 2008-ல் பூசா பாசுமதி 1121 என்று அரசிதழில் அறிவித்தார்கள். கிடங்கில் கிடந்த மூட்டை அப்படியே இருந்தது, மணிக்குள் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெயர் மாறியது, பெயரோடு வியாபாரமும் மாறியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிஷினுக்குப் பாசுமதி என்றால் என்னவென்று தெரியாது. உள்ளே இருப்பது 1121-ஆ, 370-ஆ, சர்பதியா என்பதை மட்டும் சொல்லும். எது பாசுமதி என்று சொல்வது சட்டம். ஆகவே நம்மை மாட்டிவிடுவது மிஷின் என்று பயப்படுவதில் நியாயம் இல்லை. நாம் எழுதிக் கொடுக்கும் பெயர்தான் நம்மை மாட்டிவிடும்.

மிஷினுக்குத் தெரியாதது இன்னும் நிறைய. அரிசி ஒரு வருஷப் பழசா, நேற்று அரைத்த புதுசா என்று சொல்லாது. எந்த மண்ணில் விளைந்தது என்றும் சொல்லாது. பாசுமதிக்குப் புவிசார் குறியீடு 2016-ல் பதிவானது. பதிவு செய்த அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. பஞ்சாப், அரியானா, டெல்லி, இமாசலம், உத்தரகாண்ட், உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதி, ஜம்முவில் சில மாவட்டம், இவற்றில் விளைந்ததுதான் பாசுமதி என்பது பதிவு. மத்தியப்பிரதேச விவசாயிகளும் அதே விதையைத்தான் விதைக்கிறார்கள். எங்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. தள்ளுபடியாகி மேலே போனது. 2021-ல் உச்சநீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொல்லி இங்கேயே திருப்பி அனுப்பியது. இரண்டு மாநில அரிசியையும் அருகருகே வைத்துச் சோதித்தால் எட்டு இடத்திலும் ஒரே எண்தான் வரும். அங்கே எந்த மிஷினும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கலப்பு விகிதத்தைச் சொல்வதிலும் முன்பின் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. இருநூறு சிப்பம் கிடக்கும் இடத்தில் ஒரே சிப்பத்தின் ஓரத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால், அந்தப் பிடியின் யோக்கியதையைத்தான் மிஷின் சொல்லும். மாதிரி எடுப்பது நம் தொழில். குத்தூசி பிடித்த கைக்கு இதில் இன்னும் வேலை இருக்கிறது. பல சிப்பத்திலும், மேல் நடு அடி என்று எடுத்து, கலந்து, பங்கு வைக்க வேண்டும்.

2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து நம் நாட்டிலும் பாசுமதிக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர விதி நடைமுறையில் இருக்கிறது. பாசுமதிக்கு உரிய இயற்கை வாசனை இருக்க வேண்டும், செயற்கை வாசனையோ நிறமோ பாலிஷ் பொருளோ கூடாது, மணியின் நீளம் இத்தனை, வெந்தபின் நீள வேண்டியது இத்தனை, வேறு அரிசி இருக்கக்கூடிய அளவு இவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார்கள். எசென்சு தெளித்து வாசனை ஏற்றுகிற கெட்டிக்காரர்களுக்கு இனிக் கஷ்டகாலம். அது நல்லதுதான்.

மாட்டிக்கொள்ளப் போவது யார்? இதில்தான் சிறு கடைக்காரர் கவனமாக இருக்க வேண்டும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மொத்த வியாபாரியோ ஆலையோ கடைக்காரருக்குச் சரக்கு விற்கும்போது அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும் என்று இருக்கிறது. தனியாக உத்தரவாதப் பத்திரம் எழுதாவிட்டாலும், கொடுத்த பில்லே உத்தரவாதம் என்று அதே பிரிவு சொல்கிறது. இதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அலுவலர் வந்து மாதிரி எடுக்கும்போது கடைக்காரரைக் காப்பாற்றும் காகிதம் அதுதான். அந்தக் காகிதத்தில் நாம் என்ன எழுதுகிறோம்? "அரிசி 12 சிப்பம்." அத்தோடு சரி. சில பேரிடம் துண்டுச் சீட்டுத்தான். பில் போட்டால் வரி, பில் இல்லாவிட்டால் இலாபம் என்று கணக்குப் பார்க்கிறவர், தன் கையிலிருக்கும் குடையை மழை வருவதற்கு முந்திய நாள் விற்றுவிடுகிறார்.

அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலர் வசம். நான்காவதை, நாம் அப்போதே கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம், செலவு நம்முடையது. பகுப்பாய்வாளர் முடிவு நமக்குச் சரியென்று படாவிட்டால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பயத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் சங்கத்துக்கு ஓடிவருவதைவிட, இந்த நான்கு பங்கு விஷயத்தைக் கல்லாப்பெட்டியில் எழுதி ஒட்டி வைப்பது மேல்.

சரி, பாசுமதி விலை உயர்ந்த சரக்கு, மாதத்துக்கு நாலு சிப்பம் ஓடும், அதற்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். பொன்னியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயிற்றுப்பாடே பொன்னியில்தான். மலேசியாவிலிருந்து வந்த மசூரி வழியில் நம் ஊரில் எடுத்த இரகம் வெள்ளைப் பொன்னி. ஆந்திராவில் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரியை நாம் ஆந்திராப் பொன்னி என்கிறோம். அதற்கும் மசூரியின் இரத்தம் உண்டு, கூடவே நம் கோயமுத்தூர் ஜி.ஈ.பி. 24-இன் இரத்தமும் உண்டு. நல்ல அரிசிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது வெள்ளைப் பொன்னி அல்ல. இவற்றோடு கர்நாடகப் பொன்னி, டீலக்ஸ் பொன்னி, ராஜபோகப் பொன்னி என்று சாக்கில் அச்சடித்து வருவதெல்லாம் எந்த நெல்? கேட்டால் ஆலைக்காரருக்கே தெரியாது. சன்னமாக இருக்கிற எல்லாம் பொன்னி என்று ஆகிவிட்டது. சீரகச் சம்பாவிலும் இதே கூத்து தொடங்கிவிட்டது. பார்வைக்கு ஒத்த வேறு சிறுமணி அரிசி அந்தப் பெயரில் வந்து இறங்குகிறது.

பாசுமதிக்கு வந்த பரிசோதனை பொன்னிக்கு வர ரொம்ப நாள் ஆகாது. நெல்லின் புத்தகத்தில் இப்படித் திக்குகிற இடங்களை 2002-லேயே இரண்டாயிரத்துக்கு மேல் குறித்து வைத்துவிட்டார்கள். பூட்டு எந்தக் கம்பெனியானாலும் சாவி அவர்கள் கையில் தயாராக இருக்கிறது. வந்தபிறகு முழிப்பதா, வருமுன் நம் பில்லைத் திருத்திக்கொள்வதா என்பதுதான் கேள்வி. பி.பி.டி.யை பி.பி.டி. என்று எழுதி விற்றால் யாரும் வாங்காமல் போய்விட மாட்டார்கள். சாப்பிட்டுப் பழகிய அரிசி அது.

கடைக்காரர்களுக்கு இன்னொரு தகவல். டி.என்.ஏ. என்று காதில் விழுந்ததும் வாடிக்கையாளர் சிலர், "இது மரபணு மாற்றிய அரிசியா?" என்று கேட்கிறார்கள். இல்லை. சோதனை என்பது அடையாளம் பார்ப்பது, அரிசியில் எதையும் சேர்ப்பதில்லை. இதே அடையாளத்தை வைத்துப் புது இரகமும் எடுக்கிறார்கள், அதுவும் பழையபடி மகரந்தம் சேர்த்து ஒட்டுக்கட்டுவதுதான். ஒரிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வெள்ளத்தைத் தாங்கும் குணத்தை எடுத்து, சுவர்ணா என்ற பிரபலமான இரகத்தில் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் எதில் அந்தக் குணம் இறங்கியிருக்கிறது என்று வெள்ளத்தில் முக்கிப் பார்க்காமல், இலைத் துணுக்கிலேயே இந்த அடையாளத்தைப் பார்த்துக் கழித்தார்கள். அதைச் சுவர்ணா சப்-1 என்று 2009-ல் நம் நாட்டில் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிற பயிர். டெல்டாவில் நம் விவசாயிகள் நன்கறிந்த சி.ஆர். 1009-க்கும் அதே குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கேட்கிறவருக்கு இந்த அளவு பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். ஒரு மாதிரிக்கு ஆகும் கட்டணத்தைத் தனி ஒரு கடைக்காரர் கொடுக்க முடியாது, பல சிப்பத்தின் இலாபம் போய்விடும். சங்கம் செய்யலாம். ஒரே லாட்டில் பத்துப் பேர் சரக்கு எடுக்கிறோம், பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு மாதிரி போதும். சீசனுக்கு நாலைந்து லாட்டைச் சங்கத்தின் பெயரில் சோதித்து, முடிவை உறுப்பினர்களுக்குச் சொல்லலாம். சங்கம் சோதிக்கிறது என்று தெரிந்தாலே ஆலைக்காரர் சாக்கு தைக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார். கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. போடுவதற்கு நாம் வசூலித்த தொகையில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது. இப்படி எழுதுவதற்கு நிர்வாகிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் மண்டியில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறோம். பில்லில் இரகத்தின் பெயரும் லாட் எண்ணும் எழுதாத பாசுமதியை நாங்கள் இறக்குவதில்லை. இரண்டு ஆலைகள் இதனால் எங்களுக்குச் சரக்கு நிறுத்திவிட்டன. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதித் தருகிறார்கள். ஒவ்வொரு லாட்டிலும் அரைக் கிலோ எடுத்து, தரகரும் நாங்களும் கையெழுத்துப் போட்டு அரக்கு வைத்து ஆறு மாதம் வைத்திருக்கிறோம். கலப்பு அரிசியையும் விற்கிறோம், விலை குறைவாக வேண்டும் என்கிறவர்களும் மனிதர்கள்தானே. அதற்குத் தனி வரிசை, தனிப் பலகை: "பிரியாணி அரிசி, கலப்பு." முதல் மூன்று மாதம் அதில் விற்பனை பாதியாகக் குறைந்தது. எங்கள் மகன் பலகையைக் கழற்றிவிடலாம் என்றே சொன்னான். பிறகு ஓட்டல்காரர்கள் தாமாகவே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். எத்தனைக்கு எத்தனை கலப்பு என்று முன்னமே தெரிந்தால் தண்ணீர் அளவை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

அந்தப் பக்கத்து ஊர் அன்பர் இரண்டு வருஷம் எங்கள் மண்டிப் படி ஏறவில்லை. அவருடைய கடையில் மிச்சம் இருந்த அரைச் சிப்பத்தை அப்போதே திரும்ப வாங்கி வைத்திருந்தோம். தங்கை மகள் சொல்லித்தான் அதில் ஒரு பொட்டலம் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேறு இரகம் என்று காகிதம் வந்தது. காலம் கடந்துவிட்டதால் ஆலைக்காரர் மேல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. காகிதத்தையும் அவருக்கு ஆன நஷ்டத்தில் பாதித் தொகையையும் எடுத்துக்கொண்டு நாங்களே அவர் கடைக்குப் போனோம். பணத்தை வாங்கவில்லை. காகிதத்தை மட்டும் வாங்கி, அந்த நிக்காஹ் வீட்டாரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.